அனுப்புநருக்கு மட்டும் மழைக்கோட்டு

2006-ஆம் ஆண்டு, ஐப்பசி மாதம், செங்கல்பட்டு. கொளவாய் ஏரி நிரம்பி, ரயிலில் போகிறவர்கள் எல்லாம் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மழைக்காலத்தில்தான் இது நடந்தது.

அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் ஸ்டோர்ஸில் இருபத்திரண்டு வருடம் போல்ட்டும் நட்டும் எண்ணிக்கொண்டிருந்துவிட்டு விருப்ப ஓய்வு பெற்றிருந்தேன். விருப்பம் கம்பெனியுடையது, ஓய்வு மட்டும் என்னுடையது. வீட்டில் சும்மா இருக்கும் ஆண்பிள்ளை இரண்டே வாரத்தில் மேஜை நாற்காலியோடு சேர்ந்துவிடுவான், மூன்றாவது வாரம் அவன் மேல் துணி காயப் போடுவார்கள். அது நடப்பதற்கு முன் ஏதாவது தொழில் தொடங்கிவிட வேண்டும் என்று துடித்தேன்.

மாமல்லபுரத்தில் என்னோடு பள்ளியில் படித்தவன் ஒருவன் சிற்பி. உள்ளங்கை அளவில் யானை, நந்தி, கல் விளக்கு எல்லாம் செய்வான். அவற்றை இணையத்தில் விற்பதென்று முடிவு செய்தேன். அவனிடம் சொன்னபோது உளியை நிறுத்தாமலே கேட்டான்.

"மச்சான், ஊர் பாக்க வர்றவன்தான் இத்த வாங்குறான். நீ அவன் வூட்டுக்கே அனுப்பிட்டா அவன் இன்னாத்துக்கு இங்க வரப் போறான்?"

உலக வணிகத்தைப் பற்றிப் படித்திருந்த புத்தகங்களிலிருந்து நீளமாக ஒரு பதில் சொன்னேன். முடித்துவிட்டுப் பார்த்தால் அவன் அடுத்த யானையின் தும்பிக்கையில் இருந்தான்.

கடை தயாரானது. கடை என்றால் ஐந்து பக்கம் கொண்ட ஓர் இணையதளம். கீழே எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று காட்டும் எண் ஒன்று ஓடும். அதில் பாதி நான்தான். ஆனாலும் மாதத்துக்கு ஏழெட்டு ஆர்டர் வரத்தான் செய்தது. வந்த பிறகுதான் தெரிந்தது, விற்பது சுலபம், அனுப்புவதுதான் தொழில் என்று.

தபால் நிலைய வாசலில் பார்சலுக்குத் துணி தைத்து முகவரி எழுதித் தருகிறவர் இருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் எழுத்தில் என் கடைக்குரிய கம்பீரம் இல்லாதது போல எனக்குப் பட்டது. ஒட்டும் பின்புறம் உள்ள லேபிள் தாள்களோ சென்னையில்தான் கிடைக்கும், விலையும் கட்டாது. ஆகவே வீட்டிலேயே லேபிள் அச்சிடுவது என்ற மகத்தான திட்டம் உருவானது. சாதாரண வெள்ளைத் தாள், அதை நான்காக வெட்டினால் நான்கு லேபிள். பிரிண்டரில் மை தீர்ந்தால் புது கார்ட்ரிட்ஜ் வாங்காமல், மருந்துக் கடையில் ஊசி வாங்கி அதில் மை ஏற்றி உள்ளே செலுத்தினேன். ஒட்டுவதற்கு மைதா பசை. மேலே பாதுகாப்புக்கு அகலமான செல்லோ டேப், அதுவும் சிக்கனமாக ஒரே ஒரு பட்டை.

லேபிளின் வடிவமைப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பில் கடிதம் எழுதக் கற்றுக்கொண்டது நினைவிருக்கும் அல்லவா? இடதுபக்கம் மேலே 'அனுப்புநர்', அதற்குக் கீழே 'பெறுநர்'. அதில் அரை மதிப்பெண் குறைத்த தமிழாசிரியரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதே முறையை விசுவாசத்தோடு பின்பற்றினேன். மேல் பாதியில் என் கடையின் பெயர், சின்ன யானைப் படம், என் பெயர், என் பட்டங்கள் இரண்டு, முழு முகவரி. கீழ்ப் பாதியில், மிச்சமிருந்த இடத்தில், வாங்குபவருடைய விலாசம். டேப் ஒரு பட்டைதான் என்பதால் அது மேல் பாதியை மட்டும் மூடியது. முதல் லேபிளை ஒட்டிவிட்டு இரண்டடி பின்னால் நின்று ரசித்தேன்.

"கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு. மாப்பிள்ளை பேரு மட்டும்தான் இருக்கு" என்றாள் என் மனைவி. அவள் பள்ளி ஆசிரியை. பிழை திருத்துவதில் அவளுக்கு விடுமுறை நாள் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் நாக்பூரிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். இரண்டு தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். இளைய மகளுக்குக் கல்யாணம், அதற்கு ஓர் அம்மி வேண்டும்.

"அரைக்கறதுக்கு இல்ல சார், மிதிக்கறதுக்கு. பெரியவ கல்யாணத்துல அம்மி கிடைக்கலன்னு ஒரு செங்கல்லுக்கு மஞ்சப் பேப்பர் சுத்தி வெச்சுட்டோம். மெட்டி போடறப்ப பேப்பர் கிழிஞ்சு செங்கல் தெரிஞ்சுடுச்சு. ஏழு வருஷமாச்சு, சம்பந்தி வீட்டுல இன்னிக்கும் அவளச் செங்கல் மருமகள்னுதான் கூப்பிடறாங்க. விளையாட்டாத்தான் கூப்பிடறாங்க. ஆனா அவ சிரிக்கறதில்ல, சார்."

"கண்டிப்பாக அனுப்பிவிடலாம், அம்மா" என்றேன். என் சிற்பி நண்பன் ஒரு சாண் நீளம், அரைச் சாண் அகலத்தில், மூன்றரைக் கிலோவுக்கு ஓர் அழகான கருங்கல் அம்மி செய்து கொடுத்தான். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போதே, வைக்கோல் வைத்து, அட்டைப் பெட்டியில் போட்டு, பழுப்புத் தாள் சுற்றி, என் கம்பீரமான லேபிளை ஒட்டித் தபாலில் சேர்த்தேன். பதிவு செய்து அனுப்பச் சொன்னார் கவுன்ட்டரில் இருந்தவர். சாதாரண பார்சலே போதும் என்று நான் சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் அந்த அம்மா போன் செய்வார். "அம்மி எங்க வந்திருக்கும், சார்?" என்று கேட்பார், ஏதோ அம்மி நடந்து வருவது போல. "வந்துகொண்டே இருக்கிறது, அம்மா" என்பேன். போனை வைத்ததும் வாசலுக்குப் போவேன், உள்ளே வருவேன், ஈரம் காயாத துணிகளுக்கு நடுவே இங்குமங்கும் நடப்பேன். இரண்டு வாரம் இப்படிப் போயிற்று. அதற்கு அடுத்த வியாழக்கிழமை முகூர்த்தம்.

சனிக்கிழமை மதியம் தபால்காரர் சைக்கிளை நிறுத்தி மணி அடித்தார். கேரியரில் ஒரு சாக்கு.

"சார், ஒனக்கு மூணு பார்சல் வந்துகீது."

நான் எதுவும் வரவழைக்கவில்லையே என்று குழம்பினேன். "எங்கிருந்து?"

"ஒங்கிட்டருந்துதான்."

சாக்கிலிருந்து மூன்றையும் எடுத்து வாசற்படியில் வைத்தார். ஒரு நந்தி, ஒரு ஜோடி யானை, அப்புறம் அம்மி. மூன்றிலும் ஒரே காட்சி. டேப்புக்கு அடியில் என் கடையின் பெயர், யானை, என் பெயர், பட்டங்கள், முகவரி எல்லாம் அப்போதுதான் அச்சிட்டது போலப் பளிச்சென்று இருந்தன. அதற்குக் கீழே ஊதா நிறத்தில் ஒரு மேகம். வீட்டில் ஊசி போட்டு ஏற்றிய மை தண்ணீரில் கரையும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"டு அட்ரஸ் மொத்தமா கரைஞ்சி பூட்ச்சி சார். ஃப்ரம் மட்டும் ஜம்முனு கீது. அவங்க இன்னா பண்ணுவாங்க? இருக்கிற அட்ரஸுக்கு அனுப்ட்டாங்க" என்றார் தபால்காரர். பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, "மெழுவத்தி தேச்சி அனுப்பிகினா தண்ணி ஒட்டாது. நம்ம போஸ்டாபீஸ் வாசல்ல தைக்கிறாரே, அவுரு தெனமும் பண்றதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் மனைவி வந்து குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். "ஏங்க, உங்க பேருக்கு மட்டும் மழைக்கோட்டு போட்டு அனுப்பியிருக்கீங்களே."

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் சற்று எட்டிப் பார்த்துவிட்டு, சொந்த வீட்டுக்கே திரும்பி வரும் என்று எந்தப் பழமொழியிலும் இல்லை.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. நாக்பூர்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எடுத்தேன். "அம்மி எங்க வந்திருக்கும், சார்?" என்ற குரலைக் கேட்டதும் என் வாய் தானாக, "நாக்பூர் பக்கம் வந்துவிட்டது, அம்மா" என்றது. அம்மி என் காலடியில் இருந்தது. மனைவி கேட்டுவிட்டுத் திரும்பி உள்ளே போனாள். பிழை திருத்துகிறவர்கள் சிவப்பு மையைத் தொடாமல் இருந்தால் அது மிகப் பெரிய பிழை என்று அர்த்தம்.

மறுபடி தபாலில் அனுப்ப நாள் இல்லை. கூரியர்க்காரர்கள் கல் என்றதும் கையை விரித்தார்கள். நானே போகலாம், போயிருக்க வேண்டும். முன்பதிவு கிடைக்காது, முதுகு ஒத்துழைக்காது என்று காரணங்களை அடுக்கினேன். உண்மைக் காரணம், அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. கடைசியில் நம் ஊர் வழக்கம் ஒன்று ஞாபகம் வந்தது: யார் மூலமாவது கொடுத்தனுப்புவது. தெற்கேயிருந்து டெல்லி போகும் ரயில் ஒன்று நாக்பூர் வழியாகப் போகும், செங்கல்பட்டில் சில நிமிடம் நிற்கும். அடுத்த வண்டி திங்கள் காலை.

திங்கட்கிழமை, ரயில் வர ஒரு மணி நேரம் இருக்கும்போதே அம்மியோடு பிளாட்பாரத்தில் இருந்தேன். புதுப் பழுப்புத் தாள், புது லேபிள். ஆமாம், மறுபடியும் அதே லேபிள்தான். இம்முறை டேப் இரண்டு பட்டை. திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெட்டி படுக்கையோடு இருந்தவர்களை ஒவ்வொருவராக அணுகினேன். தலைக்கு மேல் ஒலிபெருக்கி, முன்பின் தெரியாதவர்கள் தரும் பொருட்களை வாங்காதீர்கள் என்று மூன்று மொழிகளில் என்னைப் பற்றியே எச்சரித்துக்கொண்டிருந்தது. முதலில் ஒரு பெரியவர். "உள்ள இன்னா?" என்றார். "கல்" என்றேன். குடும்பத்தையே அழைத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். இன்னொருவரிடம் எச்சரிக்கையாக, "கல்யாணத்துக்கான ஒரு பொருள்" என்றேன். அவர் ரயில்வே போலீஸ் எங்கே நிற்கிறார் என்று தேடினார். நாலாவது ஆள் என் லேபிளைப் படித்துவிட்டு, "இவ்ளோ படிச்சிகினு இன்னாத்துக்கு சார் இந்த வேல?" என்றார்.

வேர்த்து வழிந்துகொண்டு ஒரு தூணோரம் நின்றேன். பக்கத்தில் ஒரு பெண்மணி டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும், கழுத்தில் மெல்லிய சங்கிலி, அதில் ஒரு சிலுவை.

"இன்னா சார், அப்போத்லருந்து பாத்துகினு கீறேன். ஒவ்வொருத்தர்கிட்டயா போயி போயி திட்டு வாங்கிகினு வர்றீங்க? எதுனா வேண்டுதலா?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. விஷயத்தைச் சொன்னேன். செங்கல் மருமகள் கதையையும் சொன்னேன். அவர் கையை உதறிவிட்டு எழுந்தார்.

"பிரிச்சிக் காட்டுங்க."

பிரித்தேன். கல்லை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "கொத்தாத அம்மி. இதுல ஒரு மொளகா கூட அரைக்க முடியாது. மிதிக்கறதுக்கு ஓகே." பிறகு சிரித்தார். "எங்கள்ல அம்மி மிதிக்கறது கெடியாது சார். கல்யாணத்துக்கு எங்க அக்கா மிக்ஸி வாங்கிக் குடுத்துச்சி. அத்த மிதிக்க முடியுமா?"

அவருக்குத் திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமம். அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்து படிக்க வைத்தார்களாம். நாக்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், விடுமுறை முடிந்து திரும்பிப் போகிறார். நான் கேட்காமலே, "குடுங்க, எட்த்துனு போறேன்" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அவர் இன்னும் முடிக்கவில்லை.

"மொதல்ல அந்தம்மாவுக்கு போன் போடுங்க. நான் பாட்டுக்கு இத்த தூக்கினு எறங்கி நின்னா, யாரு இன்னான்னு தெரியாம என்னியில்ல திருடின்னுவாங்க?"

போன் போட்டேன். "அம்மா, அம்மி நாளைக்கு உங்கள் கையில் இருக்கும். நாக்பூர் பக்கத்தில்தான்..." என்று ஆரம்பித்ததுமே, தலைக்கு மேல் ஒலிபெருக்கி கரகரத்தது. சென்னைக் கடற்கரை செல்லும் மின்சார ரயில் இரண்டாவது நடைமேடைக்கு வருகிறது, சிங்கப்பெருமாள் கோயில், மறைமலைநகர், கூடுவாஞ்சேரி, தாம்பரம் வழியாக.

மறுமுனையில் அந்த அம்மாவும் அதைக் கேட்டுவிட்டார். "சார், நாக்பூர் பக்கத்துல தாம்பரம் எங்க இருக்கு?"

நர்ஸ் அம்மா கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பிக்க வழியில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மை, மழை, டேப், என் பெயர் பிழைத்தது, அவர் பெயர் கரைந்தது, சனிக்கிழமை சொன்ன பொய், அம்மி இந்த ரயிலில் ஒரு நர்ஸ் கையில் வரப்போவது, எல்லாம். படித்த புத்தகங்கள் எதுவும் உதவிக்கு வரவில்லை. வார்த்தைகள் ஆறாம் வகுப்புப் பையனுடையவை போல உடைந்து உடைந்து வந்தன. திட்டுவார் என்று காத்திருந்தேன். அழுதுவிடுவாரோ என்றும் பயந்தேன்.

"எந்தப் பெட்டி, சார்?" என்றார் அந்த அம்மா.

அவ்வளவுதான் கேட்டார்.

"எஸ் நாலுன்னு சொல்லுங்க" என்றார் நர்ஸ். ரயில் வரும் சத்தம் கேட்டது. அவசர அவசரமாகப் பழுப்புத் தாளைச் சுற்றப் போனேன். அவர் தடுத்தார். என் லேபிளைத் தூரமாகப் பிடித்துப் படித்தார்.

"இதுல ஒங்க பேரு கீது, ஆன கீது, பட்டம் கீது. போற எடம் எங்க சார் கீது?"

அவர் காட்டிய பிறகுதான் பார்த்தேன். கீழே, பொடி எழுத்தில், அந்த அம்மாவின் பெயர் இருந்தது. என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டால்தான் எனக்கே தெரிந்தது.

அவர் கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைப் பிளாஸ்திரிச் சுருளை எடுத்தார். காயத்துக்குக் கட்டுப் போட்டு மேலே ஒட்டுவார்களே, அதுதான். பல்லால் கடித்து ஒரு சாண் கிழித்தார். பேனாவை என்னிடம் நீட்டினார்.

"எழுதுங்க. டு மட்டும். பேரு, போன் நம்பரு. போதும். டிரிப்ஸ் பாட்டில்ல, மருந்து குப்பியில எல்லாம் நாங்க இப்டித்தான் எழுதி ஒட்றது. ராங்கா ஒட்னா ஆளு க்ளோஸு. அத்தொட்டு, யாருக்குப் போவுதுன்றத மட்டும் பெருசா எழுதிப்போம். யாரு குடுத்தாங்கன்றது கேஸ் ஷீட்ல கீது, அது அப்பால."

எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டு வந்தது. எத்தனையோ மாதமாகப் பிரிண்டர்தான் எனக்காக எழுதிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பட்டையை அம்மியின் பக்கவாட்டில், கல்லின் மேலேயே அழுத்தி ஒட்டினார். துணிகளுக்கு நடுவே அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். ரயில் நின்றது. பெட்டியைத் தூக்க நான் கை கொடுத்தேன், என் முதுகு நிஜமாகவே 'கடக்' என்றது. குறைந்தது அந்தக் காரணமாவது பொய் இல்லை.

வண்டி நகர்ந்த பிறகுதான் அவர் பெயரைக் கேட்கவில்லை என்று உறைத்தது. போன் நம்பரும் வாங்கவில்லை. என் பெயரை அத்தனை பேர் கையிலும் திணித்தவன்.

அந்த இருபத்துநாலு மணி நேரம் நான் பட்ட பாடு இருக்கிறதே, அதை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும், யாரும் வாங்கமாட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு போன் வந்தது. "வந்துட்டாங்க, சார்" என்றார் அந்த அம்மா. வந்துவிட்டது என்று சொல்லவில்லை. வந்துவிட்டார்கள் என்றார்.

ஒரு மாதம் கழித்துத் தபாலில் ஒரு போட்டோ வந்தது. மணப்பெண்ணின் மஞ்சள் பூசிய பாதம் அம்மியின் மேல், மாப்பிள்ளை குனிந்து மெட்டி போடுகிறார். அக்கா பக்கத்தில் நின்று, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். செங்கல் மருமகளாகத்தான் இருக்க வேண்டும். அவளுக்குப் பின்னால், பட்டுப் புடவையில், கழுத்தில் சிலுவையோடு எங்கள் ஊர் நர்ஸ். உற்றுப் பார்த்தால் அம்மியின் பக்கவாட்டில் வெள்ளைப் பிளாஸ்திரி அப்படியே இருக்கிறது. என் கோணல் கையெழுத்தும் தெரிகிறது. அதை உரிக்க யாருக்கும் தோன்றவில்லையா, இல்லை வேண்டுமென்றே விட்டார்களா, தெரியாது.

கடை அதற்குப் பிறகு மூன்று வருடம் ஓடியது. லேபிளை வீட்டில்தான் அச்சிட்டேன், அதே வெள்ளைத் தாள், அதே மைதா பசை. ஆனால் பெறுநர் மேலே ஏறிவிட்டார், பெரிய எழுத்தில். அவர் மேல் மெழுகுவத்தி தேய்த்து, அதற்கு மேல் டேப். அனுப்புநர் கீழே ஒரு மூலையில், மழையில். தமிழாசிரியர் பார்த்திருந்தால் இன்னொரு அரை மதிப்பெண் குறைத்திருப்பார்.

இன்றைக்கும் யாருக்காவது உதவி செய்யக் கிளம்பும்போது, நான் மழைக்கோட்டைப் போர்த்துவது யார் பெயர் மேல் என்று ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள்கிறேன், பாதி நேரம் அது இன்னமும் என் பெயராகத்தான் இருக்கிறது.